பத்தியில் நீதி தேடும் பிள்ளைகள்

தை மாதத்திலிருந்து ஞாயிறு சாயங்காலங்களில் எங்கள் மொட்டை மாடியில் மூன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். என் மகள் இரண்டாம் வகுப்பு. அண்ணன் மகனும் எதிர் வீட்டுப் பெண்ணும் மூன்றாம் வகுப்பு. இது தொடங்கியதற்குக் காரணம் ஒரு தாள். பள்ளியில் கொடுத்த பயிற்சித்தாளில் யானையைப் பற்றி ஒரு பத்தியும் கீழே ஐந்து கேள்விகளும் இருந்தன. மகள் பத்தியைத் தடங்கல் இல்லாமல் வாசித்தாள், ஐந்துக்கும் சரியாக எழுதியிருந்தாள். சந்தோஷமாக, "சரி, இதுல என்னடி சொல்லியிருக்கு?" என்று கேட்டேன். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தெரியலம்மா."

அப்புறம்தான் புரிந்தது. கேள்வியில் 'தும்பிக்கை' என்று இருந்தால் பத்தியில் தும்பிக்கை எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறாள். இதற்குப் பத்தியைப் புரிந்துகொள்ளவே தேவையில்லை, கண் நன்றாக இருந்தால் போதும். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் பத்தாம் வகுப்பு வரை மதிப்பெண் வாங்கினேன்.

முதல் ஞாயிறு நானே ஒரு பத்தி எழுதினேன். மூவருக்கும் நன்றாகத் தெரிந்த விலங்காக இருக்கட்டும் என்று சுவரில் இருந்த பல்லியையே எடுத்துக்கொண்டேன்.

"பூனை பிடிக்க வந்தால் பல்லி தன் வாலைக் கழற்றி விட்டுவிடும். கீழே விழுந்த வால் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டே இருக்கும். பூனை அந்த வாலையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது பல்லி ஓடி ஒளிந்துகொள்ளும். பிறகு மெல்ல மெல்லப் புது வால் முளைக்கும்."

இதன் மையக்கருத்து என்ன என்று கேட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டதுமே மூன்று முகமும் மாறிவிட்டன, பரீட்சை வந்த மாதிரி. உடனே கேள்வியை மாற்றி, "இதுல என்ன சொல்ல வர்றாங்க?" என்றேன்.

"பல்லி" என்றாள் என் மகள். "அறுந்த வால் துடிக்கும்" என்றான் அண்ணன் மகன், சொல்லும்போதே அவன் கண் விரிந்தது. எதிர் வீட்டுப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்து, "பல்லியை அடிக்கக் கூடாது" என்றாள். பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த என் அம்மாவும் சும்மா இருக்கவில்லை, பல்லி எந்தப் பக்கம் சத்தம் போட்டால் என்ன பலன் என்று ஆரம்பித்துவிட்டார். உடனே என் மகள் தன் பதிலை மாற்றி, "பல்லி கத்துனா நல்லது நடக்கும்" என்றாள். பத்தியில் பல்லி கத்தவே இல்லை.

இந்த நான்கு பதில்களையும் அன்றைக்கு ராத்திரி ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் நழுவுகிறது. 'பல்லி' என்பது எதைப் பற்றிய பத்தி என்பதற்குப் பதில், அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது அதில் வரவில்லை. 'வால் துடிக்கும்' என்பது இருப்பதிலேயே சுவையான வரி, ஆனால் அது மற்ற வரிகளைத் தாங்காது. 'பல்லி கத்தினால் நல்லது' பத்திக்கு வெளியே வீட்டில் கேட்டது. இவை மூன்றும் எனக்குப் பெரிய ஆச்சரியம் தரவில்லை. 'பல்லியை அடிக்கக் கூடாது' என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அது கேட்க ரொம்ப நல்ல பதில், நாம் தட்டிக்கொடுத்து "வெரி குட்" சொல்லிவிடுகிற பதில்.

நம் பிள்ளைகள் விலங்குகளை முதலில் சந்திப்பதே கதையில்தான். காக்கா வடை சுட்ட பாட்டியிடம் திருடும், நரி ஏமாற்றும், சிங்கம் கிணற்றில் குதிக்கும், கடைசியில் 'இதிலிருந்து நாம் அறியும் நீதி' என்று ஒரு வரி வரும். பேசும் விலங்கு வந்தால் முடிவில் நமக்கு ஒரு புத்திமதி இருக்கும் என்று நான்கு வயதிலேயே அவர்களுக்குப் பழகிவிடுகிறது. அதே பிள்ளையிடம் பல்லி எப்படி உயிர் தப்புகிறது என்று ஒரு பத்தியைக் கொடுத்தால் அதிலும் கடைசி வரியில் நீதி தேடும். கிடைக்கவில்லை என்றால் தானே ஒன்றைச் செய்துவிடும். 'விலங்குகளைக் காப்போம்', 'மரம் வளர்ப்போம்', 'ஒற்றுமையே பலம்' எல்லாம் எந்தப் பத்திக்கும் ஒட்டும், படிக்காமலேயே சொல்லிவிடலாம். நான் நீதிக்கதைகளைக் குறை சொல்லவில்லை, என் மகளுக்கு இன்னும் ராத்திரி அந்தக் கதைகள்தான் சொல்கிறேன். ஆனால் கதையிலிருந்து எடுக்கும் பாடம் வேறு, ஒரு பத்தி சொல்ல வருகிற விஷயம் வேறு என்பதை யாராவது உட்கார்ந்து பிரித்துக் காட்ட வேண்டும். தானாகப் பிரியாது.

அதைப் பிரித்துக் காட்ட எனக்குக் கைகொடுத்தது அம்மாவின் ஊர்ப் பக்கம். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று ஊர்கள் உண்டு. அங்குள்ள கண்மாய்கள் சேர்ந்ததுதான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977-லிருந்து இருக்கிறது. மழைக்காலத்தில் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும் வந்து கூடு கட்டும். தீபாவளியும் அந்தச் சமயத்தில்தான் வரும். அந்த ஊர்க்காரர்கள் பல வருஷங்களாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சத்தம் கேட்டால் பறவைகள் கூட்டை விட்டுப் போய்விடும் என்பதுதான் காரணம்.

இதை ஐந்து வரியில் எழுதிக் கொடுத்தேன். மூன்று பேரும் ஒரே குரலில், "பட்டாசு வெடிக்கக் கூடாது!"

"கூடாதுன்னு எந்த வரியில இருக்கு? விரலை வைச்சுக் காட்டு."

தேடினார்கள். ரொம்ப நேரம் தேடினார்கள். அண்ணன் மகன் தாளைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தான். கடைசியில், "கூடாதுன்னு இல்ல அத்தை, வெடிக்க மாட்டாங்கன்னுதான் இருக்கு" என்றான். "யாரு வெடிக்க மாட்டாங்க?" "அந்த ஊர்க்காரங்க." "எதுக்கு?" "பறவைக்காக." இப்போது இதையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் சொல் என்றேன். "அந்த ஊர்க்காரங்க பறவைக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாட்டாங்க" என்றான். அவ்வளவுதான், மையக்கருத்து வந்துவிட்டது, அந்தச் சொல்லை நான் அன்றைக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'நாமும் வெடிக்க வேண்டாமா?' என்பது அதற்கு அப்புறம் பேச வேண்டிய பேச்சு. அன்றைக்கு அதையும் பேசினோம், ரொம்பச் சூடாகவே பேசினோம், ஆனால் இரண்டையும் தனித்தனியாக வைத்தோம். பத்தி என்ன சொல்கிறது என்பது முதலில். அதைக் கேட்டு நமக்கு என்ன தோன்றுகிறது என்பது அப்புறம்.

'விரலை வைச்சுக் காட்டு' என்பது அதிலிருந்து எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. வீட்டில் கேட்டதையும் ஏற்கெனவே தெரிந்ததையும் பத்தியில் ஏற்றிச் சொல்லும் பழக்கத்துக்கும் அதுவே நல்ல மருந்து. இதில் ஒன்று கவனித்தேன். தெரிந்த விலங்காக இருந்தால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறார்கள், அதனால் அடுத்த வாரம் அவர்கள் பார்த்தே இராத அழுங்கைப் பற்றி எழுதினேன். உடம்பெல்லாம் செதில், நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆனது, ஆபத்து வந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அப்போது சிங்கமேகூடக் கடிக்கத் திணறும். பத்தியை விட்டு வெளியே போக அவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஒவ்வொரு வரியையும் பிடித்துக்கொண்டே போனார்கள். ஆனால் முழுக்க இப்படியே தெரியாத விலங்காகக் கொடுக்கவும் முடியாது. 1988-ல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட, வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். விஷயம் தெரிவது அவ்வளவு பெரிய பலம். ஆகவே தெரிந்தது ஒரு வாரம், தெரியாதது ஒரு வாரம் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். தெரியாத விலங்கென்றால் முதலில் படம் காட்டிப் பேசிவிட்டுத்தான் பத்திக்குப் போவது.

சுவையான வரியில் மாட்டிக்கொள்ளும் அண்ணன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நான் தப்பாகக் கையாண்டேன். "வால் துடிக்கிறது முக்கியமில்லடா" என்று சொல்லிவிட்டேன், அவன் முகம் வாடிவிட்டது. அவனுக்கு உலகத்திலேயே முக்கியமான செய்தி அதுதான், அதற்காகத்தான் அவன் வாசிக்கவே வருகிறான். இப்போது இரண்டு கேள்வியாகக் கேட்கிறேன். முதலில், "உனக்கு எது ரொம்பப் பிடிச்சது?" இதற்குத் தப்பான பதிலே கிடையாது, ஆசை தீரச் சொல்லலாம், வால் மாதிரி நெளிந்தும் காட்டலாம். அது முடிந்த பிறகு, "சரி, பத்தி முழுக்க என்ன சொல்லுது?" பிடித்ததைச் சொல்லித் தீர்த்துவிட்டால் இரண்டாவது கேள்விக்கு மனசு காலியாகிவிடுகிறது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் இப்படிக் கேட்க ஆசிரியருக்கு நேரம் இருக்காது, ஆனால் வீட்டில் நமக்கு இருக்கிறது.

வாசிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளையிடம், வாசித்து முடித்த உடனே என்ன புரிந்தது என்று கேட்பது பாவம். 'து-டி-த்-து-க்-கொ-ண்-டே' என்று சேர்ப்பதிலேயே அதன் சக்தியெல்லாம் போய்விடும். என் மகளுக்கு நான் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கேட்கிறேன். காதால் கேட்டுப் பிடிக்கத் தெரிந்தால் கண்ணால் பிடிப்பதும் பின்னால் வரும்.

பங்குனி ஆமையைப் பற்றி எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்த பத்தி. சென்னைக் கடற்கரையில் ராத்திரியில் தாய் ஆமை கரையேறி வந்து, மணலில் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போய்விடும். ஏழு வாரம் போல ஆனதும் குஞ்சுகள் பெரும்பாலும் ராத்திரியில் மணலை விலக்கிக்கொண்டு வெளியே வரும். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் போகும், இருட்டில் கடல் பக்கம்தான் வெளிச்சமாகத் தெரியும். ஆனால் ரோட்டு விளக்கு அதைவிடப் பளிச்சென்று இருந்தால் கடலுக்குப் பதிலாக ரோட்டுக்குப் போய்விடும். 1988-லிருந்து அங்கே மாணவர்கள் ராத்திரி ராத்திரியாகக் கரையோரம் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் வைத்துப் பொரிக்கவிட்டு, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள்.

இந்தப் பத்திக்கு நடுவில் வேண்டுமென்றே ஒரு வரியைச் செருகி வைத்தேன்: 'ஆமைக்குப் பற்கள் கிடையாது.' இதில் ஒரு வரி வேண்டாத விருந்தாளி, யார் என்று கண்டுபிடியுங்கள் என்றேன். யாருமே அதைச் சொல்லவில்லை. எதிர் வீட்டுப் பெண் ரோட்டு விளக்கு வரியை எடுக்கச் சொன்னாள், அது பாவமாக இருக்கிறதாம். நான் விடையைச் சொன்னதும் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆனா ஆமைக்குப் பல்லு இல்லன்றது நெஜந்தானே ஆன்ட்டி?"

நிஜம்தான். அவள் கேட்டது மிக நல்ல கேள்வி. பிள்ளைகளுக்கு 'நீக்கு' என்றால் 'தப்பு' என்று அர்த்தம், பள்ளியில் சிவப்பு மையில் அடிப்பது தப்பானதைத்தானே. நிஜமான ஒரு வரியும் ஓரிடத்தில் வேண்டாததாக இருக்கலாம் என்பது அவர்களுக்கு முற்றிலும் புது விஷயம். இதை எப்படி விளக்குவது என்று திணறிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா கட்டிக்கொண்டிருந்த பூவைப் பார்த்தேன்.

மதுரையில் மல்லிகைக்கு நாங்கள் வாழைநார்தான் வைத்துக் கட்டுவோம். கட்டி முடித்த சரத்தை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்து, நார் எங்கே என்று கேட்டேன். பூவை விலக்கிப் பார்த்துத்தான் சொன்னார்கள். "ஒவ்வொரு பூவும் ஒரு வரின்னு வச்சுக்கோங்க. எல்லாத்தையும் சேர்த்துப் பிடிச்சிருக்கற நார்தான் பத்தி சொல்ல வர்ற விஷயம்." கீழே சிந்திக் கிடந்த ஒரு மல்லிகையை எடுத்துச் சரத்தின் மேல் வைத்தேன், தூக்கியதும் விழுந்துவிட்டது. "இதுவும் நல்ல பூதான். வாடல, அழுகல. ஆனா இந்த நார்ல இல்ல." எதிர் வீட்டுப் பெண் அந்தப் பூவை எடுத்துத் தன் தலையில் செருகிக்கொண்டு, "அப்ப பல்லு வரிய வேற பத்தியில வச்சுக்கலாம்" என்றாள். ஆமை என்ன சாப்பிடும், எப்படிச் சாப்பிடும் என்று ஒரு பத்தி எழுதினால் அந்த வரிக்கு அங்கே இடம் உண்டு.

அதன் பிறகு 'நார் என்ன?' என்பதே எங்கள் கேள்வியாகிவிட்டது. பல பத்திகளில் மையக்கருத்து ஒரு வரியாக எழுதப்பட்டே இருக்காது என்பதையும் இது எளிதாகப் புரியவைத்தது, ஏனென்றால் நல்ல சரத்தில் நாரும் கண்ணுக்குத் தெரியாது. நான் எழுதிய யானைப் பத்தி அப்படிப்பட்டது. நமக்கு வியர்ப்பதுபோல யானைக்கு உடம்பெல்லாம் வியர்க்காது. காதில் நிறைய ரத்தக்குழாய்கள், காதை ஆட்டினால் ரத்தம் குளிரும். சேற்றை எடுத்து மேலே பூசிக்கொள்ளும். மத்தியானத்தில் மர நிழலில் நிற்கும். தலைப்பு வைக்கச் சொன்னேன், மூன்றை நானே எழுதிக் கொடுத்து எது பொருந்தும் என்று கேட்டேன்: 'யானை', 'யானையின் காது', 'யானை வெயிலைச் சமாளிக்கும் விதம்'. முதலாவது அப்பா சட்டை மாதிரி தொளதொளவென்று இருக்கிறது என்றாள் என் மகள். இரண்டாவது தன் பழைய கவுன் மாதிரி, சேறும் நிழலும் அதற்குள் நுழையாது. இந்தச் சட்டை உவமை அவளே கண்டுபிடித்தது, நான் சொல்லித்தரவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். எல்லாப் பத்தியிலும் நார் இருக்காது. 'யானை பெரிய விலங்கு. யானை கரும்பு தின்னும். யானைக்கு இரண்டு தந்தங்கள் உண்டு. யானை கோயிலில் இருக்கும்' என்று பத்து வரிக் கட்டுரை எழுத நாமெல்லாம் பழகியவர்கள், பிள்ளைகளுக்கான பல விலங்குப் புத்தகங்களும் அப்படித்தான் இருக்கின்றன. அது சரம் இல்லை, கூடையில் கொட்டிய உதிரிப்பூ. அதை வைத்துக்கொண்டு மையக்கருத்து என்ன என்று பிள்ளையைக் குடையாதீர்கள், 'யானையைப் பற்றிச் சில செய்திகள்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடைக்காது. (அந்தத் தந்தம் வரியும் சரியில்லை. நம் ஊர்ப் பெண் யானைக்கு வெளியே தெரிகிற தந்தம் கிடையாது, ஆணிலும் மக்னா என்று சொல்கிற தந்தமில்லாத ஆண் யானைக்கு இல்லை.) பிள்ளை பதில் சொல்லவில்லை என்றால், முதலில் நாம் ஒரு தடவை அந்தப் பத்தியை வாசித்து நமக்கே நார் அகப்படுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. எனக்கு அகப்படாத பத்திகளைக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன், பாதிக்கு மேல் நானே எழுதுவதற்கு அதுதான் காரணம்.

சீக்கிரம் வேலை ஆக வேண்டுமென்றால் போன் போதும். ஊரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுக் கொடுத்து, "இன்னைக்கு வாசிச்சத மாமாகிட்ட ஒரே வரியில சொல்லு, அவங்களுக்கு வேலை இருக்கு" என்றால், என் மகள் தானாகவே தேவையில்லாததைக் கழித்துவிட்டுச் சொல்கிறாள். வாசிக்காத ஒருவருக்குச் சொல்லும்போது வருகிற தெளிவு எனக்குச் சொல்லும்போது வருவதில்லை.

ஆறு மாதம் ஆகப்போகிறது. என் மகள் இன்னும் சில நேரம் 'யானை' என்று ஒரே சொல்லில் நிறுத்துவாள், "யானை என்ன பண்ணுது?" என்று நான் இழுக்க வேண்டியிருக்கிறது. அது போகட்டும், ஏழு வயதுதானே. அண்ணன் மகன் போன வாரம் தெருநாயைப் பற்றி அவனே ஆறு வரி எழுதி, நடுவில் ஒரு வேண்டாத வரியையும் செருகி என்னிடம் கொடுத்தான். 'அது ராத்திரி குரைக்கும்', 'புது ஆள் வந்தால் பின்னாலேயே போகும்', 'பால்காரரைப் பார்த்தால் குரைக்காது', 'அதன் வால் சுருண்டிருக்கும்', 'எங்கள் தெருவுக்கு வேற நாய் வந்தால் விரட்டும்', 'திருடன் வந்தால் தெரிந்துவிடும்.' வாலை அடித்துவிட்டு, நாய் தெருவைக் காவல் காக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். டிக் போட்டான்.

வரும் ஞாயிறு தூக்கணாங்குருவி. ஆண் குருவிதான் கூடு பின்னும், பாதி பின்னியதும் பெண் குருவி வந்து பார்க்கும், அதற்குப் பிடித்தால்தான் ஆண் மீதியை முடிக்கும் என்று ஐந்து வரி எழுதி வைத்திருக்கிறேன். வேண்டாத வரி எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கூட்டுக்குள் களிமண் வைத்து அதில் மின்மினிப் பூச்சியை ஒட்டி விளக்கேற்றும் என்று அம்மா எப்படியும் நடுவில் சொல்வார், அண்ணன் மகன் "எந்த வரியில இருக்கு அப்பத்தா, விரலை வைச்சுக் காட்டுங்க" என்பான்.